ஒரு வாழைப்பழமும் ஒரு புள்ளிமானும்: முதல் கதை எழுதும் பிள்ளைகளுக்கு

கதை எழுதச் சொன்னால் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எதைப் பற்றி எழுதுறது ரீச்சர்?" என்பதுதான். அடுத்தது, "எத்தனை பக்கம்?" கதைக்கரு, கதைக்களம், பாத்திரம், கதைப்பின்னல், நோக்குநிலை என்று கொப்பியில் வரிசையாக எழுதிப் பாடமாக்கிய பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். பெயர்கள் தெரியும். அவற்றைக் கையில் எடுத்துப் புழங்கிப் பார்த்ததில்லை.

திருகோணமலையில் சனிக்கிழமைக் காலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு கதை எழுதிப் பழகுகிறோம். தரம் 6 முதல் 9 வரை படிப்பவர்கள். நாங்கள் எந்த ஒழுங்கில் போகிறோமோ அந்த ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன். பாடப்புத்தக ஒழுங்கு வேறு மாதிரி இருக்கும், பரவாயில்லை. உங்களுக்கு வேண்டியது ஒரு கொப்பி, ஒரு பென்சில், நாலைந்து பின்னேரம். அவ்வளவுதான்.

எழுதுமுன் ஒரு கதையைப் பிரித்துப் பாருங்கள்

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இராவணன் வெட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. மலை பிளந்து நிற்க, கீழே எவ்வளவோ ஆழத்தில் கடல் தெரியும். அது எப்படி வந்தது என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆளுக்கு ஆள் கதை கொஞ்சம் மாறும், ஆனால் உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான். இராவணனுடைய தாய் சிவபக்தை. அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது, கோயிலுக்கு வந்து கும்பிட முடியவில்லை. மகன் மலையையே பெயர்த்துத் தாயிடம் கொண்டுபோகப் பார்த்தான். வாளால் வெட்டினான். சிவன் விடவில்லை. பிறகு தாய் இறந்ததும், அவளுக்குக் கடமை செய்யத் தண்ணீர் வேண்டிக் கன்னியாவில் ஏழு இடங்களில் நிலத்தைக் குத்தினான். அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அப்படி வந்தவைதான் என்று முடிப்பார்கள்.

இப்போது கொப்பியில் ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுங்கள். யார்? அவனுக்கு என்ன வேண்டும்? எது தடுத்தது? எங்கே நடந்தது? நடந்து முடிந்தபின் என்ன மிஞ்சியது? ஐந்துக்கும் உங்களுக்குப் பதில் தெரியும். பாடமாக்கிய அந்தச் சொற்களெல்லாம் இந்தக் கேள்விகளுக்குள்ளேதான் இருக்கின்றன.

இன்னும் ஒன்று செய்யுங்கள். பத்துத் தலையையும் வாளையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். மலையேற முடியாத ஒரு தாய், அவளுக்காக எதையோ கொண்டுபோக நினைக்கும் ஒரு பிள்ளை. இது உங்கள் ஒழுங்கையிலும் நடப்பதுதான்.

படி 1: தலைப்பைத் தேடாதீர்கள், ஒரு சம்பவத்தைப் பிடியுங்கள்

"நட்பு", "தாயன்பு", "சூழலைப் பாதுகாப்போம்" என்று தொடங்கினால் கட்டுரைதான் வரும். இதை நான் அடித்துச் சொல்வேன். நட்பு என்பதை யாரும் கண்ணால் காண முடியாது. இரண்டு பேர் ஒரு பணிஸைப் பிய்த்துத் தின்பதைக் காணலாம்.

ஆகவே இந்த மூன்று கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் எதை வீட்டில் மறைத்தீர்கள்? எப்போது முகம் சிவந்தது? எதையாவது கவனமாகக் கொண்டுபோய் இடையில் தவறவிட்டீர்களா? பதிலை ஒரே ஒரு வரியில் எழுதுங்கள்.

தரம் 7 படிக்கும் ஒரு பிள்ளை எழுதிய வரி இது: "கோயிலுக்குப் போன இடத்தில் மான் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டது."

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். திருகோணமலைக்காரருக்கு இது புதினமே இல்லை. கோயில் இருக்கும் கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் கூட்டமாகத் திரியும், றோட்டுக்கும் இறங்கும், கையில் தீனி கண்டால் கிட்ட வரும். அந்தப் பிள்ளை வெட்கப்பட்டுக் கொப்பியை மூடப் பார்த்தாள். நான் விடவில்லை. அந்த ஒரு வரியிலிருந்து அவள் எப்படிக் கதைக்குப் போனாள் என்பதைத்தான் இனி வரும் படிகளில் காட்டப்போகிறேன். நீங்கள் உங்கள் வரியை வைத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

படி 2: யாருக்கு என்ன வேண்டும்?

மான் பழத்தைத் தின்றது ஒரு சம்பவம். கேட்டுவிட்டுச் சிரிக்கலாம், அத்தோடு முடிந்துவிடும். கதையாக வேண்டுமென்றால் அந்தப் பழம் யாருக்கோ முக்கியமானதாக இருக்க வேண்டும்.

"ஆற்ற பழம் அது?" என்று கேட்டேன். அம்மம்மாவுக்குக் கொண்டுபோன அர்ச்சனைப் பழம் என்றாள். அம்மம்மா ஏன் போகவில்லை? முழங்கால் வருத்தம். வெள்ளிக்கிழமை தவறாமல் ஏறிக்கொண்டிருந்தவர் இப்போது வாசலில் கதிரை போட்டு இருக்கிறார். அன்றைக்குத்தான் பேத்தியை முதல் தடவையாகத் தனியே அனுப்பியிருக்கிறார். இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவளுக்கே விளங்கிவிட்டது, இது மானைப் பற்றிய கதை இல்லை என்று.

கதையில் வரும் பிள்ளைக்கு வாணி என்று பெயர் வைத்தாள். வாணிக்கு என்ன வேண்டும்? தட்டைக் குறையில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சின்ன ஆசைதான். ஆனால் தெளிவான ஆசை. "வாழ்க்கையில் முன்னேற வேண்டும்" என்பதைவிடக் கதைக்கு இது ஆயிரம் மடங்கு உதவும், ஏனென்றால் அது நிறைவேறியதா இல்லையா என்பதைத் தட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பாத்திரத்தை அறிமுகப்படுத்தும்போது "வாணி நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, பெரியோரை மதிப்பவள்" என்று நற்சான்றுப் பத்திரம் எழுதாதீர்கள். அவள் செய்கிற ஒன்றைக் காட்டுங்கள். அந்தப் பிள்ளை எழுதியது இப்படி: "கோட்டை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவோமா என்று வாணி ஒரு கணம் யோசித்தாள். அம்மம்மா அப்படித்தான் செய்வார்." இரண்டே வரி. வாணிக்கு அம்மம்மாமேல் எவ்வளவு பற்று, அவரைப்போலவே எல்லாம் செய்யப் பார்க்கிறாள், எல்லாம் வந்துவிட்டது.

மூன்று பக்கக் கதைக்கு இரண்டு மூன்று பாத்திரங்கள் போதும். பெயர்களும் ஒன்றுக்கொன்று வேறாகத் தொனிக்கட்டும். ரமேஸ், சுரேஸ், மகேஸ் என்று வைத்தால் வாசிக்கிறவர் இரண்டாம் பக்கத்தில் தடுமாறுவார். ஒரே ஒரு தடவை வந்து போகிறவருக்குப் பெயரே வேண்டாம். கச்சான் விற்கும் ஆச்சி என்றால் போதும்.

படி 3: தடையைப் போடுங்கள், பிறகு உள்ளே ஒரு தடையைத் தேடுங்கள்

ஆசை நேரே நிறைவேறிவிட்டால் கதை இல்லை. யாரோ தடுக்கலாம், வாடைக்காற்றும் கடலும் தடுக்கலாம், வீட்டுச் சட்டம் தடுக்கலாம். இதைப் பாடத்தில் முரண் என்பார்கள். வெளியிலிருந்து வரும் தடையைப் பிள்ளைகள் சுலபமாகப் பிடித்துவிடுவார்கள். மான் வந்தது, பழம் போனது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருகிற தடை. வாணி என்ன செய்வாள்? கீழே அர்ச்சனைச் சாமான் விற்கும் கடையில் வேறு பழம் வாங்கலாம். பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை இருக்கிறது. வாங்கினால் வீட்டுக்கு நடந்து போக வேண்டும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தப் பழம் சுவாமிக்கு வைக்காத பழம். அம்மம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்பார்.

இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிட்டது. மானைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகளே, "ஐயோ, வாங்கக் கூடாது", "இல்ல, வாங்கத்தான் வேணும், அம்மம்மா பாவம்" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். வாசிக்கிறவர்கள் இப்படிப் பிரிந்து நிற்கிற இடம் உங்கள் கதையில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். இல்லாவிட்டால், உங்கள் பாத்திரத்துக்கு இரண்டு வழி கொடுங்கள், இரண்டிலும் ஏதோவொரு நட்டம் இருக்கட்டும்.

படி 4: களம் என்பது இடமும் காலமும்

இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும். நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

பத்துக் கதையில் நாலிலாவது இப்படி ஒரு வரி வரும்: "மாலை நேரம். உப்புவெளிக் கடற்கரையில் சூரியன் கடலுக்குள் மறைந்துகொண்டிருந்தது." உப்புவெளி கிழக்குக் கரை. அங்கே சூரியன் கடலிலிருந்து எழும்பும், பின்னேரம் நம் முதுகுக்குப் பின்னால் நிலத்தின் பக்கம் இறங்கும். அந்தப் பிள்ளை தினமும் அந்தக் கடற்கரையில் விளையாடுகிறது. ஆனால் எழுதும்போது படத்தில் பார்த்த கடற்கரையை எழுதிவிடுகிறது. தண்ணீர்ப் பக்கம் சூரியன் இறங்க வேண்டுமென்றால் உள்துறைமுகப் பக்கம் போய் நில்லுங்கள், அங்கே தண்ணீருக்கு அப்பால் மலைகளுக்குப் பின்னே விழும். கண்ணால் கண்டதை எழுதுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். வாசிக்கிற ஊர்க்காரர் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தால் மிச்சத்தையும் நம்பமாட்டார்.

காலமும் அப்படித்தான். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை நமக்கு மழையும் கொந்தளிக்கும் கடலும். நிலாவெளியில் வெளிநாட்டுக்காரர் நிறைந்து, புறாத்தீவுக்குப் படகுகள் ஓடுகிற கடல் வேறு மாதங்களின் கடல். மார்கழிக் கதையில் கண்ணாடி மாதிரிக் கடலைப் போட்டுவிடாதீர்கள். ஆண்டும் முக்கியம். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன்னே அங்கே பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். பஸ்ஸும் சைக்கிளும் ஆட்களும் அதில் ஏறித்தான் அக்கரை போவார்கள். உங்கள் வாப்பா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துக் கதை என்றால் பாலத்தை எடுத்துவிட்டுப் பாதையைப் போடுங்கள். காத்திருக்கும் நேரம் கிடைக்கும், காத்திருக்கும்போது ஆட்கள் பேசுவார்கள், கதைக்கு அது நல்லது. 2004 மார்கழி 26 கடல் பொங்கிய நாளை எழுதுவதென்றாலும், 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதைக் கேள்விப்பட்டு எழுதுவதென்றாலும், முதலில் அதைத் தெரிந்த பெரியவர்களிடம் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

களத்தை நிரப்ப நம்மிடம் ஒரு பழைய பட்டியல் உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. ஒரு கவிதைக்கு முதலில் வேண்டியது அந்த இரண்டும். அதற்கடுத்தது கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்துபோகிற இந்தப் பட்டியலைக் கதை எழுதுகிறவர்கள் கையிலேயே வைத்திருக்கலாம். வாணியின் கதைக்கு நாங்கள் வகுப்பில் நிரப்பியது: தெய்வம் கோணேசர். உணவு வாழைப்பழமும் கச்சானும். விலங்கு மான், குரங்கும் உண்டு. மரம், வெட்டுப் பக்கம் பிள்ளைவரம் கேட்டுச் சின்னச் சின்னத் தொட்டில் கட்டியிருக்கும் மரம். பறவை காகம். பறை கோயில் மேளம். தொழில் தட்டு விற்பது. யாழுக்கு, கீழே கடையொன்றில் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோ.

எட்டையும் கதையில் கொட்ட வேண்டியதில்லை. எட்டையும் எழுதி, மூன்றை மட்டும் எடுங்கள். அந்தப் பிள்ளை தொட்டில் மரத்தை விட்டுவிட்டாள். எனக்கு அது கவலைதான், அவ்வளவு அழகான மரம். ஆனால் வாணியின் ஆசையோடு அது ஒட்டவில்லை என்று அவள் சொன்னது சரி.

சொந்த ஊரைத்தான் எழுத வேண்டுமா என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் மோகனாங்கியை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். அது நாயக்கர் காலத்துத் தமிழ்நாட்டுக் கதை. தூர இடத்தையும் தூரக் காலத்தையும் எழுதலாம், தேடி வாசித்துவிட்டு எழுத வேண்டும். முதல் கதைக்கு உங்கள் தெருவே லேசு.

படி 5: துண்டுகளை அடுக்குங்கள்

ஒரு தாளைப் பத்துப் பன்னிரண்டு துண்டாகக் கிழியுங்கள். ஒவ்வொன்றிலும் நடந்த ஒன்றை எழுதி நிலத்தில் பரப்புங்கள். வாணியின் துண்டுகள் இவை: காலையில் எழும்புகிறாள், குளிக்கிறாள், பஸ் ஏறுகிறாள், கோட்டை வாசல், அர்ச்சனை, இறங்கும்போது செருப்பு வார் கழன்றுவிடுகிறது, தட்டை மதிலில் வைக்கிறாள், மான் தின்கிறது, கடையில் பழம், நடந்து வீட்டுக்கு, அம்மம்மா.

இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள். "அதனால்" அல்லது "ஆனால்" பொருந்தினால் அந்த இரண்டும் பின்னப்பட்டிருக்கின்றன. "பிறகு" மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அங்கே முடிச்சு இல்லை. எழும்பினாள், பிறகு குளித்தாள், பிறகு பஸ் ஏறினாள். மூன்றையும் எடுத்துவிடலாம். செருப்பு வார் கழன்றது, அதனால் தட்டை மதிலில் வைத்தாள், ஆனால் மான் வந்தது, அதனால் கடைக்குப் போனாள், ஆனால் சில்லறை ஒரு பழத்துக்குத்தான் காணும். இதுதான் கதைப்பின்னல். வலை பின்னுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை, ஒரு கண் விட்டுப்போனால் மீன் எந்த வழியாகப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கே தொடங்குவது? குழப்பம் தொடங்கும் இடத்துக்குக் கிட்டவாகத் தொடங்குங்கள். வாணியின் கதை செருப்பு வாரில் தொடங்கியது. அம்மம்மா முன்பெல்லாம் தானே மலையேறியது நடுவில் ஒரு வரியில் வந்தது: "போன தைப்பொங்கல் வரைக்கும் அம்மம்மாவேதான் ஏறினார்." அது போதும்.

இடத்தை எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். அந்தப் பிள்ளையின் முதல் பிரதியில் பஸ் பயணம் அரைப் பக்கம், கடை ஒரே வரி. கடையில்தான் வாணி முடிவெடுக்கிறாள். கதையின் உச்சம் அங்கேதான். அங்கே மெதுவாகப் போக வேண்டும், சில்லறையை எண்ணுகிற விரலைக்கூடக் காட்ட வேண்டும். பஸ்ஸை வெட்டி, கடையை அரைப் பக்கமாக்கினாள். கதை எழும்பி நின்றது.

படி 6: யாருடைய கண்ணால் பார்க்கிறோம்?

நோக்குநிலை என்ற சொல் பயமுறுத்தும். ஒரே கணத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தால் பயம் போய்விடும்.

"தட்டை மதிலில் வைத்தேன். வாரைச் சரிசெய்து நிமிர்ந்தபோது மானின் வாயில் பழத்தோல் தொங்கியது." இது நான்.

"வாணி தட்டை மதிலில் வைத்தாள். வாரைச் சரிசெய்து நிமிர்ந்தபோது மானின் வாயில் பழத்தோல் தொங்கியது." இது அவள்.

"ஒரு பிள்ளை குனிந்துகொண்டிருந்தது. மதிலில் பழம் இருந்தது. பழம் கிட்ட இருந்தது." இது மான். இதை எழுதியது ஒரு தரம் 6 பையன். மானுக்குக் கோயிலும் தெரியாது, அம்மம்மாவும் தெரியாது, பழம் மட்டும்தான் தெரியும் என்பதை அவன் எவ்வளவு அழகாகப் பிடித்துவிட்டான்!

எதை எடுத்தாலும் சரி. எடுத்ததை விடாதீர்கள். வாணியின் கண்ணால் போகும் கதையில், "இது அர்ச்சனைப் பழம் இல்லை என்று அம்மம்மா மனதுக்குள் நினைத்தார்" என்று எழுத முடியாது. அம்மம்மாவின் மனம் வாணிக்கு எப்படித் தெரியும்? வாணி காணக்கூடியதை எழுதுங்கள். "அம்மம்மா பழத்தை முகர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்." அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? வாணியைப்போலவே வாசிக்கிறவரும் தவிக்கட்டும்.

படி 7: ஆட்களைப் பேசவிடுங்கள்

"வணக்கம் அம்மம்மா. நான் கோயிலுக்குச் சென்று வந்துவிட்டேன்." உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பேசுவார்களா? கதை சொல்லும் வரிகளை எழுத்துத் தமிழில் எழுதுங்கள், ஆட்கள் வாய் திறந்தால் அவர்களின் தமிழில் பேசட்டும். திருத்திய பிரதியில் அந்த இடம் இப்படி வந்தது:

"வந்திட்டியா பிள்ளை? கோயில்ல சனமா?"

"இல்ல அம்மம்மா."

"ஐயர் மாமாட பேர், நட்சத்திரம் எல்லாம் சொன்னவரா?"

"ஓம்."

"பழம் ஏன் இவ்வளவு காயா இருக்கு?"

வாணி செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

கடைசி வரியைப் பாருங்கள். பதில் இல்லை. பதில் சொல்லாததும் பேச்சுத்தான். "என்று பயத்துடன் கூறினாள்", "என்று சோகத்துடன் பதிலளித்தாள்" என்ற வாலெல்லாம் இங்கே தேவைப்படவில்லை.

கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் உம்மா, வாப்பா, ராத்தா என்றே எழுதுங்கள்; கதைக்காக அம்மா, அப்பா என்று மாற்ற வேண்டாம். கடைக்காரர் சிங்களவர் என்றால் அவர் "நங்கி" (தங்கச்சி) என்று கூப்பிடட்டும். ஒரு போட்டியில் எங்கள் பிள்ளை ஒருத்தியின் கதையில் உரையாடல் முழுவதையும் சிவப்புக் கோடிட்டு "பிழை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் அழுதுகொண்டு வந்தாள். அது பிழை இல்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் மேற்கோள் குறிக்கு வெளியே பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் கலந்து கிடந்தால் அது பிழைதான். குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பதில் கவனம் வேண்டும்.

படி 8: கருவும் முடிவும்

கதைக்கரு ஏன் இவ்வளவு பிந்தி வருகிறது என்று யோசிப்பீர்கள். முன்னே வைத்தால் அது கதையைத் தின்றுவிடும். கரு என்பது எழுதி முடித்தபின் நீங்களே கண்டுபிடிக்க வேண்டியது. வாணியின் கதையை எழுதியவளிடம், "இது எதைப் பற்றினது?" என்று கேட்டேன். "பொய் சொல்லக் கூடாது" என்றாள் முதலில். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்ல ரீச்சர், அம்மம்மாட மனம் நோகக் கூடாது எண்டுதான் அவள் பொய் சொல்லுறாள்" என்றாள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். இராவணன் மலையைப் பெயர்க்கப் போனதும் கிட்டத்தட்ட இதற்குத்தானே என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவளுடைய முதல் முடிவு இப்படி இருந்தது: வாணி உண்மையைச் சொல்கிறாள், அம்மம்மா மன்னிக்கிறார், "ஆகவே நாமும் எப்போதும் உண்மையே பேசுவோமாக." கடைசி வரியில் வாணியும் இல்லை, அம்மம்மாவும் இல்லை, மேடையில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கதையின் கடைசிப் பந்தி "ஆகவே" என்றோ "எனவே நாம்" என்றோ தொடங்கினால் அதைக் கையால் மூடிக்கொண்டு அதற்கு முந்திய பந்தியில் கதை முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அநேகமாக முடிந்திருக்கும்.

அவள் மாற்றி எழுதிய முடிவில் அம்மம்மா பழத்தை உரித்து, எப்போதும்போல் இரண்டாக முறித்து, ஒரு பாதியை வாணியிடம் நீட்டுகிறார். வாணி வாங்கிக்கொள்கிறாள். "அம்மம்மா கோணேசர் மலைப் பக்கம் திரும்பி ஒரு தடவை கும்பிட்டுவிட்டுத் தன் பாதியைத் தின்றார். வாணி மற்றப் பாதியைக் கையிலேயே வைத்திருந்தாள். வெளிச்சம் போன பிறகும் வைத்திருந்தாள்." அத்தோடு நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னாளா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை.

படி 9: திருத்துங்கள், பிறகு பெயர் வையுங்கள்

எழுதிய கதையை இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு யாருக்காவது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். தம்பி என்றாலும் பரவாயில்லை, தம்பி என்றால் இன்னும் நல்லது; அலுத்துப்போனால் எழும்பிப் போய்விடுவான், அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி போடுங்கள். நாக்கு தடக்குகிற இடத்திலும் ஒரு புள்ளி. "மிகவும்", "திடீரென்று", "அழகான" என்ற சொற்கள் எத்தனை தரம் வந்திருக்கின்றன என்று எண்ணி, பாதியை வெட்டுங்கள். முதல் பந்தியை இல்லாமல் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். அனேகக் கதைகள் இரண்டாவது பந்தியில்தான் தொடங்குகின்றன.

தமிழ்த் தினப் போட்டிக்கோ பரீட்சைக்கோ எழுதுகிறீர்கள் என்றால் இவ்வளவு நேரம் கிடைக்காது. அப்போது மூன்றை மட்டும் செய்யுங்கள்: எழுதத் தொடங்குமுன் ஆசையையும் தடையையும் முடிவையும் தாளின் மூலையில் ஒவ்வொரு வரியாக எழுதிவிடுங்கள்; பாத்திரம் இரண்டுக்கு மேல் போகவேண்டாம்; கடைசிப் பத்து நிமிடத்தைத் திருத்துவதற்கு ஒதுக்குங்கள்.

தலைப்பைக் கடைசியாக வையுங்கள். அறிவுரையாக இல்லாமல், கதைக்குள் கிடக்கிற ஒரு பொருளாகவோ ஆள் சொன்ன ஒரு சொல்லாகவோ பார்த்து எடுங்கள். வாணியின் கதைக்கு அவள் முதல் நாளே கொட்டை எழுத்தில் "உண்மையே உயர்வு" என்று எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாள். கடைசிச் சனிக்கிழமை அதை அழிறப்பரால் மெல்ல மெல்ல அழித்தாள், தாள் கொஞ்சம் கிழிந்தும்விட்டது. கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "பாதிப் பழம்" என்று எழுதினாள்.